பாறையில் காய்ந்த வெட்டுக்கிளி

எழுபத்தெட்டில் நான் போடி ஏலக்காய்க் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து லோடு கொண்டுவரும் ஜீப்பு டிரைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மேலே ஓடைக்குக் கூட்டிப்போனார். காக்கிச் சட்டை, தடித்த விரல்கள். அந்த விரல்களால் சேவல் இறகையும் சாக்கு நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி வெட்டுக்கிளி செய்வார். அது தண்ணீரில் மிதக்கும். டிரவுட் மீன் நிஜமென்று நம்பிக் கவ்வும்.

“புல்லுல இம்புட்டு நிஜ வெட்டுக்கிளி கெடக்கேண்ணே?”

“உசுரோட இருக்கறதக் குத்தக் கூடாது தம்பி.”

மீனுக்கும் உயிர் உண்டு என்று நான் சொல்லவில்லை. அவர் ஜீப்பில்தான் திரும்ப வேண்டும்.

நனைந்துபோன பொய் வெட்டுக்கிளியைப் பாறையில் காயவைத்தார். மூன்று வாரமாக அவருக்குத் தப்பிய பெரிய மீன் அப்போதுதான் எதிரே எழும்பியது. பொய் வெட்டுக்கிளியை எடுக்கக் குனிந்தவர் நின்றுவிட்டார். நிஜ வெட்டுக்கிளி ஒன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

“தட்டி விடுங்கண்ணே, மீனு போயிரும்.”

“இருக்கட்டும். அது சோலிய முடிச்சிட்டுப் போகட்டும்.”

மீன் போய்விட்டது. வெட்டுக்கிளி கால் மணி நேரம் கழித்துத்தான் போனது. அவர் தன் வேலைப்பாட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“பொட்டைனே நெனச்சிருச்சு” என்றார்.

அடுத்த லோடு வந்தபோது, அந்தப் பொய் வெட்டுக்கிளி ஜீப்பில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் குத்தியிருந்தது. மறுபடி அதை அவர் தண்ணீரில் போடவே இல்லை.