பிரிக்காத புலிக் கம்பளி

புது பிளாஸ்டிக் வாசனை... அதுவும் ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையின் வாசனை. கல்ஃபிலிருந்து கம்பளி வந்திறங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர். கல்யாணமான புதிது. துபாய் பக்கத்தில் அஜ்மானில் வேலை பார்த்த வீட்டுக்காரரிடம் விசிட் விசாவில் போய் இறங்கினேன். திருச்சியில் எனக்கு ஸ்கூல் டீச்சர் வேலை, சம்பளமில்லாத லீவில் வந்திருந்தேன். விசா முடிந்ததும் திரும்பிவிடுவேன், அங்கேயே தங்குவதெல்லாம் நடக்காது என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் ஃப்ளைட் ஏறினேன். என் வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. "உன் இஷ்டம் கீதா" என்றார். போனில் குரல் மட்டும் இறங்கிப்போய்விட்டது.

பாலைவனமாச்சே, கொதிக்கும் என்று ஊரே சொன்னதை நம்பி, பெட்டி நிறைய காட்டன் புடவையும் வடகமும் கொண்டுபோயிருந்தேன். போன வேகத்தில் பல் தந்தியடித்தது! மொசைக் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஜன்னல் ஏசி இடுக்கு வழியாகக் காற்று ஊசியாய் இறங்கியது.

"குளிரும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கே தெரியாதும்மா. பேச்சிலர் ரூம்ல எட்டுப் பேர் படுத்திருந்தோம். குளிர் உள்ள வர இடமே இல்ல."

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

இதில் கொடுமை என்னவென்றால், பீரோ மேலேயே புத்தம் புதுக் கம்பளி ஒன்று இருந்தது. இரட்டை மடிப்பு, பன்றிக்குட்டி கனம். பிளாஸ்டிக் வழியாக ஒரு புலி எங்களையே முறைத்துக்கொண்டிருக்கும். அது என் அப்பாவுக்காம். நான் திரும்பும்போது கையில் கொடுத்தனுப்ப வாங்கி வைத்தாராம்.

"திருச்சிக்குக் கம்பளியா? எங்கப்பா மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குறவரு!"

"இருக்கட்டும். மாமாவுக்குன்னு வாங்கினது. பாக்கெட்ட பிரிச்சா மரியாதையா இருக்காது."

ஆக, மாமனாரின் மரியாதை பீரோ மேலே பத்திரமாக இருந்தது. கீழே மகளும் மருமகனும் ஊர்ப் போர்வை, அதன் மேல் பவானி ஜமக்காளம் என்று சுருண்டு கிடந்தோம்.

எதிர் ஃப்ளாட்டில் கீழக்கரைக்காரர் ஷரீஃபா லாத்தா இருந்தார். லாத்தா என்றால் அவர்கள் பக்கம் அக்கா. ஒரு நாள் சர்க்கரை வாங்கக் கதவைத் தட்டினேன். திறந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கழுத்து முதல் கால் வரை கரும்பச்சை வெல்வெட்டில் ஜலாபியா என்கிற அரபு அங்கி, காலில் கம்பளி சாக்ஸ், கையில் இஞ்சி டீ. குளிரை எதிரியாக நினைக்காமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்!

"அல்லாவே... இந்தப் புள்ள இப்படி நடுங்குதே! புடவைய மடிச்சு வைம்மா. வா, சூக்குக்குப் போவோம்."

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் எனக்கும் ஒன்று வாங்கினோம். அரக்கு நிற வெல்வெட். புடவை தவிர வேறெதுவும் உடுத்தி யார் முன்னாலும் நின்றதில்லை நான். கண்ணாடியில் பார்த்தால்... அட, நானா இது? டியூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்று, "ஸாரி, ஃப்ளாட் மாறி வந்துட்டேன்" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்புறம் அந்த வீடே மாறிப்போனது. ஏசி இடுக்கை அட்டையும் டேப்பும் வைத்து அடைத்தோம். சின்ன ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து கடலை உரித்தோம். சுக்குக் காபி மணம் ஜலாபியாவிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் புலி இறங்கவில்லை. விசா தேதியைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் கண் விழித்தால், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. எதிர் பில்டிங் இல்லை, ரோடு இல்லை, ஈச்ச மரம் இல்லை. எல்லாம் வெள்ளை! அவரை உலுக்கி எழுப்பி, ஜலாபியா மேல் அவருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு இழுத்துப் போனேன்.

கடல் சத்தம் காலடியில் கேட்கிறது, கடலைக் காணோம். எங்கிருந்தோ பனிக்குள்ளிருந்து படகு ஹாரன் ஓசை வருகிறது. பேச வாயைத் திறந்தால் புகை! பாலைவனத்தில் பனி... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

"ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றேன்.

"வருஷா வருஷம் வரும்" என்றார் அவர். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கம்பளியை இறக்கினேன். ஜிப்பைச் சர்ரென்று இழுத்தேன்.

"ஐயோ கீதா! மாமாவுக்கு..."

"அடுத்த வருஷம் வேற வாங்கிக்கலாம். ரெண்டு பேருமா லீவுக்குப் போய்க் குடுப்போம்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு டீ போடப் போனார். கிச்சனில் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிராம்!

சொன்னபடியே மறு வருஷம் அப்பாவுக்குக் கொண்டுபோனோம். அவர் கடைசி வரை ஜிப்பைத் திறக்கவேயில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக்கோடு காட்டி, "மாப்ள கொண்டாந்தது" என்பதோடு சரி.

இப்போது எங்கள் மகள் துபாயில். அலமாரி நிறைய ஜாக்கெட், பூட்ஸ். ஃப்ளாட்டில் காற்று நுழைய ஒரு இடுக்கு கிடையாது. வருஷம் முழுக்க உள்ளே ஒரே சீரான இதம். ஜாக்கெட்டை மாலுக்குத்தான் போட்டுக்கொண்டு போகிறாள், பாவம்.

நாங்கள் ரிட்டயராகி திருச்சிக்கு வந்தாயிற்று. புலிக்கு ஒரு கண் தேய்ந்துவிட்டது. மார்கழி பிறந்தால் போதும், இவர் பரணிலிருந்து அதை இறக்கிவிடுவார். ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு இருவரும் போர்த்திக்கொள்வோம்.

"கொஞ்சம் குளிருது, இல்ல?" என்பார்.

வேர்த்துக் கொட்டும் எனக்கு. "ஆமாங்க, ரொம்ப" என்பேன்.