டிராகனுக்கு முன்னால் ஓடியவர்

சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் வேலை கிடைத்து வந்த முதல் இரண்டு வருடங்கள் நான் றேமன்ட் அண்ணையின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்து வந்திருந்தேன். அதை மாட்டச் சுவரில் ஆணி அடித்துத் தந்தவர் அவர்தான். "நேரா நிக்குதோ எண்டு பாரும் தம்பி. கஷ்டப்பட்டுப் படிச்சது சரிஞ்சு நிக்கக்கூடாது" என்றார்.

மன்னார்க்காரர். அகதியாக வந்து, வதிவிடப் பேப்பர் கிடைத்து, இங்கேயே நரைத்தவர். விடியுமுன் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. பின்னேரம் ஃப்ராவ் லின் என்ற சீன அம்மாவின் உணவகத்தில் காய்கறி வெட்டுவதும் கோப்பை கழுவுவதும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற தூக்கம்தான் தூக்கம். வலது முழங்கால் வீங்கும். தைலம் தேய்த்து, பட்டி கட்டி, அதற்கு மேல் கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போவார். ஃப்ராவ் லினுக்கு அது தெரியவே கூடாது. "கால் ஏலாதவனை ஆர் தம்பி வேலைக்கு வைச்சிருப்பினம்?"

அந்தக் குளிர்காலத்தில் உணவகத்தின் பகல் வேலைக்காரர் விலகப்போவதாகச் செய்தி வந்தது. முழுநாள் பகல் வேலை. கிடைத்தால் துப்புரவையும் விடலாம், பின்னேர வேலையையும் விடலாம். றேமன்ட் அண்ணை கேட்டு வைத்தார். அவரோடு பின்னேரம் வேலை செய்யும் பானுஜன் என்ற இளைஞனும் கேட்டிருந்தான். சீனப் புத்தாண்டு முடியட்டும், சொல்கிறேன் என்று ஃப்ராவ் லின் சொல்லிவிட்டார்.

"கிடைச்சால் இரவில படுக்கலாம். மனிசர் மாதிரி" என்று என்னிடம் சொன்னார் அண்ணை. அதற்கு மேல் அவருக்கு எந்த ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

புத்தாண்டுக்கு உணவகத்தின் வாசலில் டிராகன் ஆட்டம் உண்டு. வழக்கமாக ஆட வருகிற குழு அந்த வருடம் வரவில்லை. நம் ஆட்களே தூக்கட்டும் என்று ஃப்ராவ் லின் முடிவெடுத்தார். வேலைக்காரர்களில் உயரமானவர் றேமன்ட் அண்ணை. தலைப்பகுதி அவருக்கு.

இதை வீட்டில் சொன்ன அன்றுதான் பிரச்சினை தொடங்கியது. அவர் மனைவி அன்னமலர் அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர், அகப்பையைக் கீழே வைத்தார். சுவரில் தேவதூதரான மிக்கேல் சம்மனசின் படம். கையில் ஈட்டி, காலுக்கடியில் சிறகு முளைத்த டிராகன், வாயைப் பிளந்தபடி.

"சம்மனசு காலால மிதிக்கிறதை நீங்கள் தலைக்கு மேல தூக்கப் போறியளோ?"

"துணியும் மூங்கிலும்தான், அன்னம்."

"பிசாசுக்குத் துணி உடுத்தினால் அது மனிசனாகிடுமோ?"

"பகல் வேலை அவவின்ர கையில எண்டு சொன்னனான் எல்லோ?"

"பிசாசைச் சுமந்து வாற வேலை எங்களுக்கு வேண்டாம்."

சோறு ஆறிப்போனது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

மிருகங்கள் விஷயத்தில் அன்னமலர் அக்காவும் ஃப்ராவ் லினும் ஒரே ஒரு தடவைதான் ஒத்துப்போனதாக எனக்குத் தெரியும். அது ஆந்தை. உணவகத்துக்கு வாடிக்கையாக வரும் சுவிஸ்காரர் ஒருவர், மரத்தில் செதுக்கிய ஆந்தை ஒன்றை ஃப்ராவ் லினுக்குப் பரிசாகக் கொடுத்தார். இங்குள்ளவர்களுக்கு அது அறிவின் அடையாளம். ஃப்ராவ் லினுக்கோ சாவு வீட்டுப் பறவை. முகம் செத்துப்போக, அவர் அதை றேமன்ட் அண்ணையிடம் தள்ளிவிட்டார். அன்னமலர் அக்கா அதை வாசல் படலையைத் தாண்ட விடவில்லை. "மாடியில படிச்ச பிள்ளை இருக்கு, அதுக்கு ஒண்டும் செய்யாது" என்று கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மற்றபடி இருவரும் எதிரெதிர்தான். உணவகத்துச் சூப்புக் கிண்ணங்களில் சிவப்பு வௌவால்கள் பறக்கும். சீனர்களுக்கு அது பாக்கியம். அந்தக் கிண்ணம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அக்கா அதைக் கவிழ்த்தே வைத்திருந்தார்.

இரண்டு நாள் அக்கா சோற்றை மூடிவைத்துவிட்டு முன்னதாகவே படுத்துவிட்டார். மூன்றாம் நாள் அண்ணை சமையலறையில் ஃப்ராவ் லினிடம் உள்ளதைச் சொன்னார். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான். சண்டைக்கு அது போதும்.

"என் டிராகன் பிசாசா?" என்று ஃப்ராவ் லின் கரண்டியோடு நின்றாராம். அது மழை கொண்டு வருவது, வயலை விளைய வைப்பது, நல்ல பிள்ளை பிறந்தால் டிராகன் போல என்று சொல்வது. "இத்தனை வருஷம் அதன் படத்துக்குக் கீழேதானே சாப்பிட்டாய்? கடித்ததா?"

"எனக்குப் பிரச்சினையில்லை ஷெஃபின். வீட்டில..." என்று முதலாளியம்மாவிடம் இழுத்தார் அண்ணை.

வீட்டில் என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. ஃப்ராவ் லின் யோசித்துவிட்டு வேறு வழி சொன்னார். டிராகனுக்கு முன்னால் ஒருவர் கம்பில் மாட்டிய பந்தை, அதாவது முத்தை, ஏந்தி ஓட வேண்டும். டிராகன் அதைத் துரத்தும். றேமன்ட் முத்தைப் பிடிக்கட்டும், தலையைப் பானுஜன் தூக்கட்டும்.

அன்னமலர் அக்காவுக்கு இது பிடித்துப்போனது. "முத்து எங்கட கடல்ச் சாமான். பிசாசு பின்னால கலைக்கத்தான் செய்யும், நாங்கள் ஓடத்தான் வேணும். ஞாயிறுப் பிரசங்கமும் அதுதானே."

"ஓடுறது நான் எல்லோ" என்றார் அண்ணை.

புத்தாண்டு வந்த சனிக்கிழமை இங்கே ஃபாஸ்நாக்ட் என்னும் வேடத் திருவிழாவும் சேர்ந்துகொண்டது. தெரு முழுக்க மாறுவேடக் குழந்தைகள். மேளம் தொடங்கியது. றேமன்ட் அண்ணை முத்தை உயர்த்திக்கொண்டு ஓடினார். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. வலது காலை இழுத்து, இடது காலில் விழுந்து, ஒவ்வொரு அடியும் பல்லைக் கடித்த அடி. பின்னால் பானுஜன் இளரத்தம். தலையை ஆட்டிக்கொண்டு நெருக்கினான். நான் ஓரத்தில் நின்று, "மெதுவாப் போங்கண்ணே!" என்று கத்தினேன். மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சுவிஸ் சிறுமி பாய்ந்து வந்தாள். வெள்ளிக் காகிதத்தில் கவசம், கையில் பிளாஸ்டிக் வாள். அவள் கண்ணுக்கு ஒரு வயதான மனிதரை டிராகன் விரட்டிக்கொண்டு வருகிறது. வீரர்கள் செய்வதை அவள் செய்தாள். "ஓடுங்கள், நான் கொல்கிறேன்!" என்று ஜெர்மனில் கூவியபடி அண்ணைக்கும் டிராகனுக்கும் நடுவில் புகுந்து வாளை ஓங்கினாள். தலைக்குள் இருந்த பானுஜனுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. குழந்தை மிதிபடப்போகிறதே என்று அண்ணை திரும்பிக் குறுக்கே விழுந்து அவளைத் தள்ளினார். முழங்கால் மடங்கியது; முத்துக் கம்பு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. டிராகன் அவர் மேல் இடித்து நின்றது. கூட்டம் இது ஆட்டத்தில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டியது.

அவரால் எழும்ப முடியவில்லை. கால்சட்டையைச் சுருட்டினோம். பட்டியும் வீக்கமும் வெளியே வந்தன. ஃப்ராவ் லின் குனிந்து பார்த்தார். அண்ணை காலைப் பார்க்கவில்லை, ஃப்ராவ் லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமாக?"

"கன காலம்" என்று தமிழில் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஃப்ராவ் லின் வீட்டுக்கே வந்தார். ஒளித்ததற்குத் திட்டித் தீர்த்தார். பிறகு சொன்னார்: விழுந்தும் முத்தை விடவில்லை, டிராகன் வந்து முத்தைத் தொட்டது, இதைவிட நல்ல ஆண்டுத் தொடக்கம் உண்டா? கால் ஆறியதும் பகல் வேலை அவருக்கு. இருந்தபடி சீனக் கொழுக்கட்டை மடிக்கும் மேசை. பானுஜன் இளையவன், பின்னேரத்தில் நிற்கட்டும்.

அவர் போனதும் அன்னமலர் அக்கா தொடங்கினார். "கண்டனீங்களோ? கலைச்சு விழுத்திப்போட்டுது. அந்தச் சின்னப் பெட்டைக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை. வேலையை எடுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் மிக்கேல் சம்மனசுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்திட்டுத்தான் கால் வைக்கோணும்."

"ஓம்."

"அவ அதிர்ஷ்டம் எண்டுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"ரெண்டு பேரும் சரி."

"அதெப்படி ரெண்டு பேரும் சரியாகும்? இஞ்சாருங்கோ, உங்களைத்தான். தம்பி, நீர் படிச்சனீர், சொல்லும்."

நான் அண்ணையைப் பார்த்தேன். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தபடி, வாய் லேசாகத் திறந்து, வெளியே இன்னும் வெயில் இருக்கும்போதே, அவர் உறங்கிப் போயிருந்தார்.