லாரி கிரீஸ் தடவிய கை

யுத்த காலத்தில், திருத்தணி மலைப்படியில் என்னோடு ஏறினார் ஒரு விமான மெக்கானிக். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. சுத்தமாகவே இருந்த வலது கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார்.

"கையில இன்னாங்க?" என்றேன்.

"சின்ன பிளேன், தம்பி. றெக்கைக் கீலுக்குப் போடுற கிரீஸ் குடோன்ல இருந்துச்சு. நடக்க சோம்பப்பட்டுகினு, பக்கத்துல இருந்த லாரி கிரீஸைத் தடவிட்டேன். மேல போனா குளிரு. அது மெழுகாட்டம் இறுகி, கீல் அசையாம போச்சு. ஓட்டினவன் உன் வயசுப் பையன். எப்படியோ எறக்கிட்டான்."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா தேவலையே! 'நீ பார்த்த வண்டி, அதான் பொழைச்சேன்'னு இந்தக் கையைப் புடிச்சுக் குலுக்கினான். நானும் சிரிச்சுகினு நின்னேன்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீரும் என்று நம்பியவன். "போய்ச் சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எங்க போயி? மறுநாளே அவனைப் பர்மா பக்கம் சண்டைக்கு அனுப்பிட்டாங்க."

சந்நிதியில் விபூதிக்கு இடது கையை நீட்டினார். "வலது கையை நீட்டுய்யா!" என்று குருக்கள் அதட்டினார். மெக்கானிக் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சுலபமாக யோசனை சொல்லிவிட்ட எனக்கு, என் கையில் விழுந்த விபூதியைப் பூசக் கூசியது. இப்போதும் யாராவது என் கையைப் பிடித்து நன்றி சொன்னால், முதலில் குனிந்து அது சுத்தமா என்றுதான் பார்க்கிறேன்.