கார்மெல் மறுத்த ஊசி

கார்மெல் டூஹி மோந்து பார்க்காமல் யார் பண்ணைப் பாலையும் வண்டியில் ஏற்றியதில்லை. கில்டாரா வட்டாரத்தில் பதினாறு வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறாள். பண்ணைக்குப் பண்ணை இறங்குவாள், குளிர்தொட்டியின் மூடியைத் திறப்பாள், மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுப்பாள், எத்தனை டிகிரி என்று பார்ப்பாள், சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துப் பண்ணைக்காரன் பெயரை எழுதி ஒட்டுவாள். அப்புறம்தான் குழாயை மாட்டுவாள். ஒருவன் பால் கெட்டால் லாரியில் இருக்கும் இருபது பேர் பாலும் கெட்டது. அதனால் முகதாட்சண்யம் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. ஓர் ஆகஸ்ட் மாதம் சொந்தக் கொழுந்தன் மாலக்கியின் பாலையே வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"கரன்ட் போச்சு கார்மெல். ஒரு மணி நேரந்தான் தொட்டி நின்னுச்சு. எனக்காகப் பாரேன்" என்று மாலக்கி கெஞ்சினான்.

"உனக்காகத்தான் ரெண்டாவது தடவ மோந்தேன். மாடுங்ககிட்ட சொல்லிடு, தப்பு அதுங்க மேல இல்ல, உம்மேலதான்."

இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். அவன் ஒரு வாரம் பேசாமல் இருந்தான், எட்டாம் நாள் பேசிவிட்டான். அவன் அண்ணன், அதாவது கார்மெலின் புருஷன், ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் போனவன்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் கையெழுத்து மட்டும் திருத்தமாக இருக்கும்.

கார்மெலின் மகள் ஈமர். ஒன்பது வயது. பிறக்கும்போது மூச்சு தாமதமாக வந்தது, அதில் மூளை அடிபட்டுவிட்டது. நடை இல்லை, பேச்சு இல்லை, கழுத்து ஒரு பக்கம் சாயும். 'ஆமாம்' என்றால் கண்களை மேலே தூக்குவாள், 'இல்லை' என்றால் இறுக்கி மூடிக்கொள்வாள். பள்ளி விடுமுறையில் லாரியின் முன் இருக்கையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு அம்மாவோடு வருவாள். பிரேக் பிடிக்கும்போது லாரி 'புஸ்ஸ்' என்று விடுகிற காற்றுக்கு அவள் சிரிக்கிற சிரிப்பு மூன்று வயலுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே கார்மெல் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடிப்பாள்.

டப்ளினில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் முதுகுத்தண்டு வழியாகப் புது உயிரணுக்களைச் செலுத்துகிறார்களாம், குழந்தைகள் எழுந்து நடக்கிறார்களாம் என்று கார்மெல் அச்சடித்த தாள்களோடு போய் நின்றாள்.

"எதுவும் நிரூபணம் ஆகலைங்க. சோதனைதான். நான் வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றார் டாக்டர்.

"அவளுக்கு உங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

"இப்ப செய்யற பயிற்சிதான். ஒரு தாயோட ஏக்கம் எனக்குப் புரியுது."

"என் ஏக்கத்த விடுங்க டாக்டர். அது எங்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டது மருந்து."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் எந்த வாசலில் போய் நின்றாலும் 'பார்க்கலாம்', 'முடியாது', 'வரிசையில் இருங்கள்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். 'முடியும்' என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்றால் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள்? அன்று சாயங்காலமே மாலக்கியைக் கூப்பிட்டாள்.

மாலக்கி கால்பந்து சங்கத்தின் தலைவன். கில்டாராவில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் சங்கம் சும்மா இருக்காது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த டிராக்டர்களை எல்லாம் துடைத்து எடுத்தார்கள். பணம் திரட்ட நூற்றுப் பன்னிரண்டு டிராக்டர்கள் வரிசையாக ஊர்வலம் போயின. ஆண்கள் தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலித்து மேடையில் உட்கார்ந்து மொட்டையடித்துக்கொண்டார்கள். தபால் நிலையம் வைத்திருக்கும் பிரீடா, வசூல் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதம் திருப்பலி நடக்கும் எல்லாக் கோயில் வாசலிலும் நின்றாள். இன்னொரு ஊரில் தேடினாலும் இந்த மனிதர்கள் கிடைக்கமாட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவரொட்டி அடிக்கப் படம் கேட்டார்கள். கார்மெலிடம் இரண்டு படம் இருந்தது. ஒன்றில் ஈமர் லாரியில் நாக்கை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மற்றது ஆஸ்பத்திரியில் எடுத்தது. தலை தொங்கி, வாய் ஒழுகி, கண் பாதி மூடி இருந்தது.

"சிரிக்கிற புள்ளைக்கு யாரு வாளியில போடுவாங்க?" என்றான் மாலக்கி. அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை.

கார்மெல் தலையாட்டினாள். 'ஈமருக்கு ஒரு வாய்ப்பு' என்ற எழுத்துக்குக் கீழே அந்த ஆஸ்பத்திரிப் படம் எல்லாக் கம்பத்திலும் எல்லா டிராக்டர் மூக்கிலும் ஏறியது. லாரியில் போகும்போது ஒவ்வொரு கம்பத்திலும் ஈமர் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் கூசுகிறதாக்கும் என்று கார்மெல் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள்.

ஜூன் முதல் வாரம் விமானம் ஏறினார்கள். மருத்துவமனை கடற்கரையில் இருந்தது. வாசலில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், வரவேற்பறையில் பியானோ இருந்தது. அங்கே வேலை செய்த எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக ஒரு டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். கார்மெலுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். சிகிச்சை முடிந்ததும் அவள் வீடியோவில் பேச வேண்டுமாம். பேச வேண்டியதை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்: 'முதல் நாளே மாற்றம் தெரிந்தது. என் மகள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.'

"இவ பொறந்ததுல இருந்து சிரிக்கிறாளே" என்றாள் கார்மெல். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை ஈமரைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தட்டில் ஊசியும் ஒரு சின்னக் குப்பியும் வந்தன. பதினாறு வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? அவள் கை தானாகப் போய்க் குப்பியை எடுத்தது. அதில் ஓர் எண் மட்டும் இருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை.

"இது யாருடையது டாக்டர்?"

"நன்கொடையா வர்ற அணுக்கள்மா. சுத்தமானது."

"யார் கொடுத்தது? என்னைக்கு எடுத்தது? எத்தன டிகிரில வந்துச்சு? மாதிரிய யாரு பார்த்தாங்க?"

"அதெல்லாம் எங்க ஆய்வுக்கூடம் பார்த்துக்கும்."

"இதப் போட்டு மோசமாப் போன புள்ளைங்க எத்தன பேரு?"

டாக்டர் மறுபடி அவள் கையைப் பிடித்தார். "நம்பிக்கை வைக்கிற அம்மாங்க இப்படிக் கேக்கமாட்டாங்க. நம்பினாத்தான் மருந்து வேலை செய்யும்."

கார்மெல் கையை உருவிக்கொண்டாள். "எங்க ஊர்ல டீயில ஊத்துற பாலுக்கே பேரும் தேதியும் ஒட்டாம நான் எடுக்கறதில்ல. இத எம் பொண்ணு முதுகுக்குள்ள ஊத்துவீங்க, நான் நம்பிக்கிட்டு நிக்கணுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, ஊர் கண்முன் வந்து நின்றது. ஊரே அனுப்பி வைத்திருக்கிறது, மாலக்கி மொட்டைத் தலையோடு கையசைத்து வழியனுப்பினான். என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்து மகளைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வெட்கங்கெட்ட நினைப்பு வந்தது. டப்ளின் டாக்டரைக் கேட்டோம், மாலக்கியைக் கேட்டோம், பிஷப்பைக்கூடக் கேட்டோம். இவளை யாராவது கேட்டோமா?

"ஈமர், இந்த ஊசி உனக்கு வேணுமா?"

ஈமர் கண்களை இறுக்கி மூடினாள். அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை திறக்கவில்லை.

ஊருக்கு விமான நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பினாள். மற்றதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். அதுதான் வினையாகப் போயிற்று. கோப்பையை ஜெயித்து வருகிற அணியை ஊர் எல்லையிலேயே தீ மூட்டி வரவேற்பது கில்டாரா வழக்கம். கடைசியாக ஜெயித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, கைகள் துருதுருத்துக்கொண்டிருந்தன. சூரியன் இன்னும் இறங்காமல் காய்கிற ஜூன் சாயங்காலத்தில், நெருப்பே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில், சாலையின் இரு பக்கமும் பழைய டயரும் பலகையுமாகத் தீ மூட்டிவிட்டு நின்றார்கள். கார்மெல் வாய் திறப்பதற்குள் இருவரையும் டிரெய்லர் மேல் ஏற்றிவிட்டார்கள்.

"கழுத்து நேரா நிக்குது பாருங்கய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

பிரீடா கண்ணைத் துடைத்தாள். "என்னையப் பார்த்தா, கார்மெல். இதுக்கு முன்ன என்னைய இப்படிப் பார்த்ததே இல்ல. அந்தக் கண்ணுல ஒரு தெளிவு வந்திருக்குடி."

மாலக்கி ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான். கார்மெல் அதை ஒருமுறை பார்த்தாள்.

"ஊசி போடல" என்றாள்.

யாரோ பாதிக் கைதட்டலில் நிறுத்தினார்.

"போட விடல, நாந்தான். அந்தக் குப்பியில என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியல. முன்பணம் போனது போனதுதான். மிச்சம் சங்கத்துலயே இருக்கு, வேணுங்கறவங்க வாங்கிக்குங்க. இவ போன வாரம் இங்கருந்து போன அதே ஈமர். கழுத்து அப்படியேதான் இருக்கு. பிரீடா, அவ உன்னைய எப்பவும் இப்படித்தான் பார்ப்பா. இன்னைக்குத்தான் நீ திரும்பிப் பார்த்திருக்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஊரே பாடுபட்டுச்சு. கடைசி நேரத்துல நீயா முடிவு பண்ணிட்ட."

"நான் மட்டும் இல்ல. அவளக் கேட்டேன். வேணாம்னுட்டா."

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

கார்மெலுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அவகிட்டயே கேளு! மேல வா. ஆமான்னா கண்ண மேல தூக்குவா, இல்லன்னா மூடுவா. ஒம்பது வருஷமா இதே ஊர்ல இருக்கா, உங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? எனக்கே கேக்கத் தோணல. எம்மேலயும் தப்புதான். வா, வந்து கேளு!"

குரல் கொடுத்தவன் வரவில்லை. மாலக்கிதான் ஏறினான். முளைத்தும் முளைக்காத தலையைத் தடவிக்கொண்டு சக்கர நாற்காலி முன் மண்டியிட்டான்.

"ஈமர் கண்ணு, அங்க பயந்துட்டியா?"

கண்களை மூடினாள். இல்லை.

"எங்க மேல கோவமா?"

கண்கள் மேலே போயின. போனவை வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

அவள் பார்வை இறங்கி, எதிரே நின்ற மாலக்கியின் டிராக்டர் மூக்கைத் தொட்டதும் கண்கள் இறுக்கி மூடிக்கொண்டன. அங்கே ஆஸ்பத்திரிப் படம் ஒட்டியிருந்தது. கார்மெலுக்குக் கறுப்புக் கண்ணாடி ஞாபகம் வந்தது. மாலக்கியும் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் படமா, கண்ணு?"

ஈமர் கண்ணைத் திறந்து மேலே தூக்கினாள்.

அவன் டிரெய்லரிலிருந்து இறங்கிப் போனான். நகத்தால் சுரண்டிச் சுவரொட்டியைக் கிழித்து எடுத்து நேரே நெருப்பில் போட்டான். பிறகு பக்கத்து டிராக்டருக்குப் போனான். பிரீடா முட்டியைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் ஒட்டியதைக் கிழிக்கக் கிளம்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிழிக்க இறங்கினார்கள். ஒவ்வொரு தாளும் தீயில் விழுந்து 'புஸ்ஸ்' என்றபோது டிரெய்லர் மேலிருந்து ஈமர் சிரித்தது மூன்று வயலுக்குக் கேட்டது.