அடியில் மூன்று ஓட்டை

கடைசல் வேலையில் மரம் ஒருநாளும் எனக்கு எரிச்சல் மூட்டியதில்லை, வாங்க வந்தவர்கள்தான் மூட்டினார்கள். தொண்ணூறுகளில் காரைக்குடியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தேன். கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் யார் வேண்டுமானாலும் கடைவார்கள். நான் கடைந்தது மரவை. மரக்கட்டையை உள்ளே குடைந்து, சுவரை ஒரு நெல்மணி கனத்துக்குக் கொண்டுவந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திச் சிவப்பும் கறுப்புமாக வளையம் போட்டு, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பாத்திரம். உளி உள்ளே போனபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சத்தம் மாறுவதை வைத்துத்தான் சுவர் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மயிரிழை கூடுதலாகப் போனாலும் வெடித்துச் சில்லு மூஞ்சியில் அடிக்கும்.

கையால் வேலை செய்துவிட்டு அடுத்தவர் வாயால் மதிப்புக் கேட்டுப் பிழைக்கிறவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

கனம் போதாது

வலையபட்டியிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். பெரிய வீடு, இரண்டு பெண்கள், மூத்தவளுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் முழுவதையும் பரப்பி வைப்பார்கள். சம்பந்தி வீட்டார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். அதற்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி ஏழு மரவை வேண்டும் என்றார்கள்.

ஒன்றரை மாதம் ஆனது. ஒன்பது கட்டை வெடித்தது. ஏழையும் அடுக்கிவிட்டுக் கையை எடுத்தால், விளிம்பு எது இடைவெளி எது என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் பல்பைப் பிடித்தால் அரக்குப் படாத இடத்தில் சுவர் வழியாக வெளிச்சம் செக்கச்செவேலென்று கசிந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி பெரியதை எடுத்து, தேங்காய் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் குலுக்கினார்கள். முகம் சுண்டிப் போயிற்று.

"எவர்சில்வர் கிண்ணங்கூட இதவிடக் கனமா இருக்குமே சவரிமுத்து, இதக் கொண்டுபோயிப் பரப்பி வச்சா ஃபேன் காத்துக்கே எம்மக சீரு பறந்துருமே!"

துலக்கிய டீச்சர்

அந்த ஏழையும் பட்டறையில் திரும்பக் கொண்டுவந்து வைத்த வாரத்திலேயே இன்னொருத்தர் வந்து சேர்ந்தார். சிவகங்கையில் டீச்சர். இரண்டு மாதம் முன்பு குங்குமம் வைக்க ஒரு சின்ன மரவை வாங்கிப் போனவர். இப்போது பையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வெளுத்து, நார் எழும்பி, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருந்தது. வளையம் இருந்த இடமே தெரியவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பித்தளைச் சாமானோடு சேர்த்துப் புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் துலக்கினாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை, நல்ல காரியம் செய்த திருப்திதான் இருந்தது. இது மரம், மேலே இருப்பது அரக்கு, துணியால் துடைத்தால் போதும் என்று சொன்னேனே என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, மறைப்பானேன். அவர் என்னைவிட உரக்கச் சொன்னார்.

"சாமான்னா வெளக்காம எப்பிடி வைக்கிறது, நீங்கதான் புளிக்குத் தாங்குற மரமாப் பாத்துக் கடைஞ்சிருக்கணும்!"

உயிரோடு இருக்கிற குற்றம்

ஏழடுக்கு மரவை பட்டறையில் தூசி படிந்து கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். இடித்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான் ஜாடி எல்லாம் விற்கிறவர். நாலு நாள் கழித்து அவர் கடைக்குப் போனேன். என் மரவைகளுக்குப் புகை காட்டி, வேப்பெண்ணெய் தடவி, நான் நாள்கணக்கில் தேய்த்த பளபளப்பைப் உப்புத்தாளால் சுரண்டி மங்கலாக்கி வைத்திருந்தார்.

அதோடு விட்டாரா? என் லேத்தில் கட்டையைக் கவ்வும் இரும்புக்கு நாலு பல். அதில் ஒன்று உடைந்து வெகுநாளாயிற்று. அதனால் நான் கடைந்த எதைக் கவிழ்த்தாலும் அடியில் மூன்று ஓட்டை இருக்கும், நாலாவது இடம் மொட்டையாக இருக்கும். கையெழுத்துப் போடாத எனக்கு அதுதான் கையெழுத்து. அந்த மூன்றையும் அரக்கு வைத்து அடைத்திருந்தார். பர்மாவிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு வேறு. ஏன்யா இப்படிச் செய்தீர்கள், என் வேலை என்று சொன்னால் என்ன என்று சண்டை போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"ஒங்க வேலையில ஒரு கொறையும் இல்ல சவரி, நீங்க இன்னும் உசுரோட இருக்கீக, அது ஒண்ணுதான் கொறை."

ரங்கூன் சாமான்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வலையபட்டி ஆச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு மரவையின் விளிம்பு கீறிவிட்டதாம், ஒட்டித் தர வேண்டுமாம். போனேன். முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து ஏழு மரவை அடுக்கி இருந்தது. என் ஏழு! புகை ஏறியிருந்தால் பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா?

"எங்க அப்பச்சி ரங்கூன்லருந்து கப்பல்ல கொண்டாந்தது. எம்புட்டு லேசா இருக்கு பாத்தீகளா? இங்க இருக்கவுகளுக்கு இந்தக் கை வராது" என்றார்கள்.

பெரிய மரவையைக் கவிழ்த்தேன். சட்டைப் பையில் இருந்த ஆணியால் அடியில் நோண்டினேன். அரக்கு உதிர்ந்து மூன்று ஓட்டை தெரிந்தது. அடுத்ததைக் கவிழ்த்தேன், அதிலும் மூன்று. "எட்டு மாசத்துக்கு முந்தி நீங்க கனம் பத்தலன்னு திருப்பி விட்டது ஆச்சி. உங்க அப்பச்சி லேத்துலயும் ஒரு பல் உடைஞ்சிருந்துச்சாக்கும்?" என்று கத்தியே விட்டேன். ஆச்சி ஓட்டைகளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு உள்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க, சம்பந்தி வீட்டு ஆளுக உள்ள காப்பி குடிக்கிறாக."

சாமான் பரப்பிய நாள்

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாயை அடைக்கத்தான் அந்தப் பத்திரிகை என்று எனக்குத் தெரியும். சபையில் வைத்து உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் என்று கண்கொள்ளாத சாமான். மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் தாண்டி வந்து என் மரவையின் முன்னால்தான் நின்றார். சின்னதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இப்பிடி ஒரு வேலை இன்னைக்கு எவன் செய்யிறான்?" என்றார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். பக்கத்தில் கல்யாணப் பெண் நின்றிருந்தது. மாமியார் முகம் மலர்ந்ததைப் பார்த்து அதற்கும் அப்போதுதான் சிரிப்பு வந்திருந்தது. நான் வாயைத் திறந்தால் புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் காலத்துக்கும் அதுவே பேச்சாகிவிடும். மூடிக்கொண்டேன். ஆத்திரத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார்கள். மன்னிப்புக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், என்ன இருந்தாலும் மனுஷன் புத்தி.

"சின்னவளுக்கும் இதே மாதிரி ஏழு செஞ்சிருங்க சவரிமுத்து, ஆனா எங்கிட்டத் தராதீக, அந்தக் கடையிலயே குடுத்துருங்க, நான் அங்குட்டுப் போயி வாங்கிக்கிறேன்."

செய்து கொடுத்தேன், சுவர் முன்னைவிட மெல்லிசாகவும் அடியில் மூன்று ஓட்டை முன்னைவிட ஆழமாகவும், என் பேரை அடைக்க அந்தக் கடைக்கார மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் அரக்காவது செலவாகட்டும் என்று.