பால் தெளித்த சதை

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வருகிற எவருக்கும் பெயர் கிடையாது. பெருங்குடலிலிருந்து வெட்டிய புற்றுக்கட்டிகள் பார்கோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றின் செல்களில் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறதென்று அளப்பதுதான் என் பிழைப்பு. அளவு ஒழுங்காக இருந்தால் ஆள் அதிக நாள் இருக்க வாய்ப்புண்டு. தாறுமாறாக இருந்தால் கவலைதான். முகம் பார்க்காமல் ஆயுளைக் கணிக்கிற இந்த வேலை எனக்கு இன்னும் பழகவில்லை.

சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு வெட்டும் என் அண்ணன், வெளிக்குப் போகும்போது ரத்தம் வருவதாகப் போன வருடம் போனில் கூச்சத்தோடு சொன்னார். "மூலமா இருக்கும்ணா. காரத்தக் கம்மி பண்ணு, மோர் குடி" என்றேன். யாரோ நார்வேக்காரருக்கு இரண்டு முறை சரிபார்க்கிற நான், கூடப்பிறந்தவருக்கு மோரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் படிப்பைக் கொண்டுபோய் உடைப்பில்தான் போட வேண்டும்.

ரத்தம் நிற்காமல் கடைசியில் சேலத்தில் குடலை வெட்டிக் கட்டியை எடுத்தார்கள். வெட்டியதை எந்த லேபில் கொடுத்தீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். ஒரு துண்டு கிடைத்தால் நானே அளந்துவிடுவேன்.

"டப்பால போட்டு எங்க கையில குடுத்தாங்க தம்பி, லேபுக்கு எடுத்துக்கினு போவச் சொல்லி. அவரு ஒடம்புல அறுத்தத பஸ்சுல தூக்கிக்கினு எப்பிடி சுத்தறது? சுடுகாட்டு ஓரமாப் பொதைச்சி, பால் தெளிச்சிட்டோம்."

"பரிசோதனைக்குன்னு சொல்லலியா அண்ணி?"

"சொன்னாங்க. அதான் அறுத்து எடுத்தாச்சே, இன்னும் இன்னா பாக்கறது?"

எங்கள் பக்கம் கையை எடுத்தாலும் காலை எடுத்தாலும் அப்படித்தான் செய்வோம். நான் அங்கே இருந்திருந்தால் பால் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அதனால் அண்ணியைத் திட்டவும் வாய் வரவில்லை.

அண்ணனின் கட்டியை இங்கே அளந்துகொள்ள முன்பே அனுமதி தந்திருந்த என் மேலாளர் இங்ரிட், அது எப்போது வரும் என்று மறுநாள் கேட்டார். "வராது. புதைத்துவிட்டார்கள்" என்றேன். அவர் முகம் வாடியது. அண்ணனே போய்விட்டார் என்று நினைத்து என் தோளைத் தொட்டார். ஒரு துண்டுச் சதைக்குப் பால் தெளித்த கதையை அவருடைய மொழியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மாலைக்குள் துக்க விடுப்பும் வெள்ளைப் பூங்கொத்தும் என் மேசைக்கு வந்துவிட்டன.

பூவை வீட்டுக்கு எடுத்து வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் வீடியோ காலில் வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பூவெல்லாம் வெச்சிக்கினு இருக்கியே, இன்னாடா விசேஷம்?" என்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லி, இந்த ஊரில் செத்துப்போன என் அண்ணனுக்கு வந்த பூவை, அந்த ஊரில் உயிரோடிருக்கும் என் அண்ணன் கண்ணில் மறுபடி படாதபடி காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.