மைமூன் கேட்காத மீதிக் கதை

தெருக்குழாயடியிலிருந்து திரும்பும்போது மைமூன் வலது காலைச் சாய்த்து வைத்தாள். செருப்பு கடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு முட்டி வீங்கியது. எழுபதுகளின் தொடக்கம், திருவொற்றியூரில் குடியிருந்தோம். மகளுக்கு ஐந்து வயது.

எலும்புக் காசநோய் (நுரையீரலில் இல்லாமல் மூட்டில் வரும் டி.பி.) என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு (எலும்பு அசையாமல் பிடித்துவைக்கும் கட்டு) போட்டார்கள்.

"வலிச்சாலோ மரத்துப்போனாலோ உடனே சொல்லணும்மா. விட்டா காலே போயிடும்."

தலையாட்டினேன். அழுகை வரவில்லை. என் உடம்பே யாருடையதோ போல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டு மீன்கார ஸ்டெல்லாவின் மகன். அவன் ஓயாமல் கத்துவான்.

"இன்னாக்கா, உன் பொண்ணு மூச்சே வுடமாட்டேன்றா? இவன் கத்துற கத்துக்கு ஆர்பர்ல நிக்கிற கப்பலே திரும்பிடும் போலக்கீது!"

எனக்குப் பெருமைதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நபிமார் கதைகள் எல்லாம் மனப்பாடம். பிள்ளையை அடித்ததில்லை. பொய் சொன்னால், தம்பியை ஓநாய் தின்றுவிட்டது என்று பொய் சொன்ன யூசுப் நபியின் அண்ணன்மார் கதை. நோய் வந்தபின் தினமும் அய்யூப் நபியின் கதை. உடம்பெல்லாம் நோவு வந்தும் பொறுமையாக இருந்தார் என்று சொல்லும்போதே மைமூன் தூங்கிப்போவாள்.

கட்டுப் போட்ட மறுநாள் அவள் கால்விரல்களை ஈரத்துணியால் துடைத்தேன். லேசாக வீங்கியிருந்தன, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்கிறவள், விரலைக்கூட அசைக்கவில்லை.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

கீழுதட்டில் பல் பதிந்த தடம்.

"அய்யூப் நபி வலிக்குதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

கதையின் மீதியை அவள் ஒரு நாளும் விழித்திருந்து கேட்டதில்லை.

"சொன்னாரும்மா. நோவு வந்துடுச்சுன்னு அல்லாஹ்கிட்ட வாய்விட்டுச் சொன்னாரு. அப்புறந்தான் குணமாச்சு. சொல்றவங்களும் பொறுமைசாலிதான்."

"சத்தமாவா?"

"நீ சத்தமாவே சொல்லு."

"டாக்டரே! நேத்தெல்லாம் வலிச்சுது! இப்ப என் காலையே காணோம்!"

வார்டே திரும்பியது. ஸ்டெல்லா நர்சம்மாவைக் கையோடு இழுத்துவந்தாள். இறுகிப்போயிருந்த கட்டைப் பிளந்தார்கள். உள்ளே பாதம் வெளுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. நெடுநேரம் கழித்து மைமூன் "எறும்பு ஊருதும்மா" என்றாள். அதன்பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன்.

கால் பிழைத்தது. சுண்டுவிரலில் மட்டும் உணர்வு திரும்பவில்லை.

கட்டுப் போட்ட பிள்ளையோடு இருக்கிற தாய்மாரே, கதை சொல்லுங்கள். பிள்ளை பாதியில் தூங்கிவிட்டால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள்.

இப்போது தொழுகையில் உட்கார்ந்தால் என் கால் மரத்துப்போகிறது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபிறகும் எழாமல் இருக்கிறேன். அடுப்படியிலிருந்து மைமூன், "இன்னாம்மா?" என்கிறாள்.

"காலைக் காணோம்டி" என்று சத்தமாகவே சொல்கிறேன். எறும்பு ஊரத் தொடங்கும்வரை நான் அந்த வார்டில்தான் இருக்கிறேன். அவளுக்கு ஐந்து வயது.